அண்ணனுக்கு மேல்முறையீடு: 60 நாள் தாண்டியது பற்றி

வணக்கம் சகோதரி. அண்ணனுக்குச் செஷன்ஸ் கோர்ட் 10 வருடம் போட்டு நான்கு மாதமாகிவிட்டது, வக்கீல் முக்கிய சாட்சியைக் குறுக்கு விசாரணையே செய்யவில்லை, இப்போது கையில் காசும் இல்லை என்று எழுதியிருந்தீர்கள்.

உயர்நீதிமன்றத்துக்கு 60 நாள் கெடு. தீர்ப்பு நகலுக்கு ஆன நாட்கள் அதில் சேராது. தாண்டிவிட்டாலும் கதவு மூடிவிடவில்லை, தாமதத்தை மன்னிக்கும்படி தனி மனு போடலாம். ஹோஸ்கோட் வழக்கிலும் (1978) கைதி தீர்ப்பு நகல் கைக்கு வரவில்லை என்று வருடக்கணக்கில் தாமதமாகத்தான் உச்ச நீதிமன்றம் போனார். மேல்முறையீடு செய்யும் கைதிக்கு இலவச நகலும் வக்கீலும் தர வேண்டும் என்று நீதிபதி கிருஷ்ணய்யர் சொன்னது அதில்தான்.

காவலில் இருப்பவருக்கு வருமானச் சான்று இல்லாமலே இலவச வக்கீல் உண்டு. அண்ணன் சிறைக் கண்காணிப்பாளரிடம் மனு கொடுத்தால் போதும், அங்கிருந்தே உயர்நீதிமன்றத்துக்குப் போகும்.

‘வக்கீல் சரியில்லை’ என்பதை மட்டும் நம்பிப் போகாதீர்கள், தனியாக அது எடுபடுவது கஷ்டம். குற்றவியல் நடைமுறைச் சட்டம் 313-வது பிரிவின் (புதிய சட்டத்தில் 351) கேள்வித்தாளை, அதாவது சாட்சியங்களைப் பற்றி நீதிபதி அண்ணனிடமே கேட்ட கேள்விகளும் அவர் சொன்ன பதில்களும் உள்ள தாளை, வாங்கிப் பாருங்கள். பல நேரம் ‘சாட்சி இப்படிச் சொல்கிறார், என்ன சொல்கிறீர்கள்?’, ‘பொய்’ என்று ஒற்றை வரியாகவே ஓடும். தீர்ப்பில் அண்ணனுக்கு எதிராக எடுத்துக்கொண்ட விஷயம் அதில் கேட்கப்படவே இல்லையா? அது நல்ல பிடி.

அப்புறம், மேல்முறையீட்டோடு தண்டனையை நிறுத்திவைக்கும் மனுவையும் சேர்த்தே போடச் சொல்லுங்கள். தீர்ப்பு நகல் அண்ணன் கையில் இருக்கிறதா?