மாப்பிள்ளைக்குப் போகும் 600 டாலரும் வீட்டில் நிரப்பும் தோட்டாவும்

கேள்வி: என் சொந்த ஊர் கடலூர் முதுநகர். 11 வருடமாக டெக்சஸில் இருக்கிறேன், கிரீன் கார்டு வந்துவிட்டது. வயது 41. மனைவி, 4 வயது மகள். ஞாயிற்றுக்கிழமை ரேஞ்சுக்குப் போய் .44 மேக்னம் ரிவால்வரில் சுடுவதுதான் என் ஒரே பொழுதுபோக்கு. மாதம் 100 தோட்டா, 110 டாலர் ஆகிறது. வீட்டுச் செலவு கூடிப்போய் கிரெடிட் கார்டில் 9,200 டாலர் பாக்கி நிற்கிறது. வட்டி 24 சதவீதம். மாதம் குறைந்தபட்சத் தொகை 275 கட்டுகிறேன். செலவைக் குறைக்க, ஈயத்தை நானே உருக்கி வார்த்துத் தோட்டாவை வீட்டில் நிரப்பலாம் என்றிருக்கிறேன். கருவிகள் 650 டாலர், வட்டியில்லாமல் நாலு தவணையில் கிடைக்கிறது. ஈயம் வார்க்கும் அச்சை மட்டும் கடலூர் லேத் பட்டறையில் மலிவாகச் செய்து வாங்கலாமா? இன்னொன்று. தங்கை வீட்டுக்காரருக்கு ஒரு விசைப்படகில் பங்கு இருக்கிறது. போன வருடம் மீன்பிடித் தடைக்காலத்தில் கைமாற்றாகக் கேட்டார். அதிலிருந்து 14 மாதமாக, மாதம் 600 டாலர் அனுப்பி வருகிறேன். இப்போது என் 6 லட்சம் ரூபாய் என்ஆர்இ (வெளிநாடு வாழ் இந்தியருக்கான வங்கிக் கணக்கு) டெபாசிட்டை ஈடாக வைத்து 5 லட்சம் கடன் எடுத்துத் தரச் சொல்கிறார். மறுத்தால் தங்கைக்குச் சங்கடம் வருமோ என்று தூக்கம் வரவில்லை.

பதில்: கடிதத்தில் முக்கால்வாசி தோட்டாவைப் பற்றி எழுதிவிட்டு, மாப்பிள்ளையைக் கடைசியில் "இன்னொன்று" என்று சேர்த்திருக்கிறீர்கள். நான் அங்கிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

14 மாதம், மாதம் 600. மொத்தம் 8,400 டாலர். உங்கள் கார்டு பாக்கி 9,200. இந்த இரண்டு எண்களையும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். வீட்டுச் செலவு கூடியதாகச் சொல்கிறீர்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. சம்பளம் வந்ததும் முதலில் ஊருக்குப் பணம் போகிறது. அப்புறம் மளிகை, பெட்ரோல், குழந்தையின் பள்ளிச் செலவு எல்லாம் கார்டில் ஏறுகிறது. மாப்பிள்ளைக்குக் கொடுத்த கடன்தான் மளிகை பில் என்ற பெயரில் உங்கள் தலையில் நிற்கிறது.

அது நிற்கும் விதமும் மோசம். 9,200க்கு 24 சதவீதம் என்றால் மாதம் 184 டாலர் வட்டி. நீங்கள் கட்டும் 275இல் அசலுக்குப் போவது 91 டாலர்தான். கார்டில் பழைய பாக்கி இருக்கும்வரை புதிதாக வாங்கும் பொருளுக்குச் சலுகை நாட்கள் பொதுவாகக் கிடையாது. அதாவது நேற்று வாங்கிய பாலுக்கும் நேற்றிலிருந்தே வட்டி ஓடுகிறது.

இப்போது தோட்டாவுக்கு வருகிறேன். உங்கள் யோசனை தவறானதல்ல, அமெரிக்காவில் ஆயிரக்கணக்கானோர் செய்வதுதான். ஒரு பவுண்டு என்பது 7,000 கிரெயின். 240 கிரெயின் குண்டாக வார்த்தால் ஒரு பவுண்டுக்கு 29 குண்டு வரும். ஈயம் பவுண்டு 1.75 டாலர் என்று வைத்தால் குண்டுக்கு 6 சென்ட். ப்ரைமர் (தோட்டாவின் அடியில் தீப்பொறி தரும் சிறு மூடி) 9, வெடிமருந்து 6, மெழுகுப் பூச்சு முதலான சில்லறை 4. ஆக 25 சென்ட். பித்தளை ஓடு ஏற்கெனவே சுட்டதை எடுத்து வைத்திருந்தால் அதற்குத் தனிச் செலவில்லை. கடையில் 1 டாலர் 10 சென்ட், வீட்டில் 25 சென்ட். 100 தோட்டாவுக்கு மாதம் 85 டாலர் மிச்சம், எட்டு மாதத்தில் கருவிக் காசு திரும்பிவிடும்.

ஆனால் அந்த 85 டாலர் கணக்கில்தான் மிஞ்சும், கையில் மிஞ்சாது. வீட்டில் நிரப்புகிறவர்கள் யாரைக் கேட்டாலும் இதையே சொல்வார்கள்: செலவு குறையவில்லை, அதே காசுக்கு அதிகம் சுடுகிறோம். 100 என்பது 250 ஆகும், அப்புறம் இன்னொரு அச்சு, வேகமான இன்னொரு பிரஸ் (தோட்டாவை அழுத்திச் சேர்க்கும் கருவி). ப்ரைமரையும் மருந்தையும் ஆன்லைனில் வாங்கினால் அபாயகரப் பொருளுக்கான தனிக் கட்டணம் ஒவ்வொரு பார்சலுக்கும் விழும். கொஞ்சம் கொஞ்சமாக வாங்குகிறவருக்கு அதிலேயே மிச்சம் போய்விடும். 2020, 2021இல் ப்ரைமர் கிடைக்காமல் அங்கே எத்தனை பேர் வெறும் பிரஸ்ஸை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள் என்பது உங்களுக்கே தெரியும். சரி, 85 டாலர் முழுசாகக் கையில் நின்றாலும் கார்டு வட்டி 184. அதில் பாதிக்கும் குறைவு.

அந்த நாலு தவணைத் திட்டம் வேண்டவே வேண்டாம். வட்டி இல்லை என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் தவணை பிடிக்கும் நாளில் கணக்கில் பணம் இல்லையென்றால் மறுபடி கார்டைத்தான் எடுப்பீர்கள். கையில் 650 இல்லாத ஒருவரிடம் 650க்குப் பொருளை விற்பதற்காகவே இப்படிப்பட்ட ஆப்களைச் செய்கிறார்கள். கேட்கும்போதே எனக்கு எரிச்சல் வருகிறது.

லேத் பட்டறை யோசனையை இன்றே விட்டுவிடுங்கள். இந்தியாவில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா செய்வது கடும் குற்றம். அந்த வேலைக்கான அச்சை ஊரில் ஒரு பட்டறைக்காரரிடம் கடையச் சொல்லி, அவரையும் உங்கள் குடும்பத்தையும் ஏன் வம்பில் மாட்டிவிட வேண்டும்? அமெரிக்காவிலேயே கடையில் கிடைப்பதை வாங்குங்கள்.

இனி டெபாசிட். 6 லட்சத்துக்கு 7 சதவீதம் என்று வைத்தால் வருடம் 42,000 ரூபாய். இந்தியாவில் அதற்கு வரி இல்லை, ஆனால் கிரீன் கார்டுக்காரரான நீங்கள் அமெரிக்காவில் அதை வருமானமாகக் காட்டியாக வேண்டும். டாலரை 85 ரூபாய் என்று வைத்தால் 6 லட்சம் சுமார் 7,000 டாலர். அதே 7,000 டாலர் கடனுக்கு நீங்கள் கார்டில் கட்டும் வட்டி வருடம் 1,680 டாலர், ரூபாயில் 1,43,000. 42,000 வாங்குவதற்காக 1,43,000 கொடுக்கிறீர்கள். டெபாசிட் போட்டு ஒரு வருடம் தாண்டியிருந்தால் உடைத்துவிடுங்கள். ஒரு வருடத்துக்குள் உடைத்தால் என்ஆர்இ டெபாசிட்டுக்கு வட்டியே கிடையாது, அப்படியும் இந்தக் கணக்கில் உடைப்பதுதான் லாபம். என்ஆர்இ பணத்தை அங்கே கொண்டுபோகத் தடை இல்லை.

மாப்பிள்ளை கேட்டபடி அதை ஈடு வைத்தீர்கள் என்றால், அவர் கடனைக் கட்டி முடிக்கும்வரை அந்தப் பணத்தைத் தொட முடியாது. அவர் கட்டாவிட்டால் வங்கி டெபாசிட்டிலிருந்தே எடுத்துக்கொள்ளும். நோய்க்குக் கையில் இருக்கும் ஒரே மருந்தை அடுத்தவர் வீட்டு அலமாரியில் வைத்துப் பூட்டிய மாதிரி ஆகிவிடும்.

மாப்பிள்ளை கெட்டவர் என்று நான் சொல்ல வரவில்லை. டீசல், ஐஸ், ஆள்கூலி எல்லாம் போய்க் கரைக்கு வரும் பங்கு எவ்வளவு என்பது துறைமுகத்தில் நிற்கிறவர்களுக்குத் தெரியும். ஆனால் கிழக்குக் கடற்கரையில் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். உங்கள் உதவி 14 மாதமாக ஓடுகிறது. தடைக்காலம் முடிந்து படகு கடலுக்குப் போன அன்றே அது நின்றிருக்க வேண்டும். நிற்காததால் அது அவர் வீட்டு வரவுசெலவில் ஒரு வரியாகவே ஆகிவிட்டது, அதனால்தான் அடுத்தபடியாக 5 லட்சம் கேட்க முடிகிறது.

அவருக்கு வேறு வழி இருக்கிறது. விவசாயிகளுக்கான கிசான் கிரெடிட் கார்டு 2018-19 பட்ஜெட்டிலிருந்து மீனவர்களுக்கும் உண்டு. டீசல், ஐஸ், வலைப் பழுது போன்ற நடைமுறைச் செலவுக்கு 2 லட்சம் வரை 7 சதவீத வட்டி. ஒழுங்காகத் திருப்பிக் கட்டினால் 3 சதவீதம் கழிந்து 4 சதவீதம்தான். 2025 ஜனவரியிலிருந்து 2 லட்சம் வரை ஈடும் கேட்கக் கூடாது. மீன்வளத் துறை அலுவலகத்தில் விவரம் கேட்டுக்கொண்டு, கணக்கு இருக்கும் வங்கிக்கு அவரே போகட்டும். அலைச்சல்தான், ஆனால் உங்கள் 24 சதவீதத்தைவிட எவ்வளவோ மேல்.

மாதக் கணக்கு இப்படி வரும். டெபாசிட் பணம் 7,000ஐ அப்படியே கார்டில் கட்டினால் பாக்கி 2,200. மாப்பிள்ளைக்குப் போகும் 600ஐ நிறுத்தி, இப்போது கட்டும் 275உடன் சேர்த்தால் மாதம் 875. மூன்றே மாதத்தில் கார்டு சுத்தம். நாலாவது மாத 875இல் 650க்குக் கருவிகளை ரொக்கமாகவே வாங்கிவிடலாம். அதுவரை மாதம் ஒரு பெட்டித் தோட்டாவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வாங்கும்போது இரண்டு இடத்தில் மட்டும் காசு பார்க்காதீர்கள். ஒன்று, மருந்து நிறுக்கும் தராசும் அச்சிட்ட அளவுப் புத்தகமும். .44 ஓடு பெரியது, சிறு அளவு மருந்து இரண்டு தடவை விழுந்தாலும் வெளியே வழியாது, கண்ணுக்கும் சட்டென்று தெரியாது. ரிவால்வரே வெடித்துவிடக்கூடும். இரண்டாவது, ஈயம். முதுநகரில் வலைக்கு ஈயக் குண்டு வார்ப்பதைச் சின்ன வயதில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். நான் பார்த்த இடத்தில் பெரியவர் இரும்புக் கரண்டியால் அச்சில் ஊற்றிக்கொண்டிருந்தார். அவர் பேரன் பளபளக்கும் குண்டுகளை ஒரு கையால் அளைந்துகொண்டே அதே கையால் பொரி தின்றுகொண்டிருந்தான். இன்னும் அந்தக் கை என் கண்ணில் நிற்கிறது. உங்கள் வீட்டில் 4 வயதுக் குழந்தை இருக்கிறாள். சமையலறை அடுப்பில் ஈயம் உருக்கக் கூடாது. காற்றோட்டமான வெளியிடம், தனிச் சட்டை, தனிச் செருப்பு, முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவல், அப்புறம்தான் அவளைத் தூக்க வேண்டும். இதற்கு வசதி செய்ய முடியாவிட்டால் வார்த்த குண்டையே விலைக்கு வாங்குங்கள். தோட்டாவுக்குச் சில சென்ட் கூடும், கூடட்டும்.

மாப்பிள்ளையிடம் சொல்வதற்கு முன் தங்கையிடம் நீங்களே போனில் பேசுங்கள். கார்டு பாக்கி எவ்வளவு என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். அண்ணன் டாலரில் சம்பாதிக்கிறான், 600 அவனுக்குப் பெரிதல்ல என்றுதான் தங்கை இதுவரை நினைத்துக்கொண்டிருப்பார். அடுத்த சம்பளம் வருவதற்குள் பேசிவிடுங்கள்.