கரையும் தையல் வெளியே எட்டிப் பார்த்தால்…

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 66. கன்னத்தில் இருந்த பேசல் செல் புற்றை (ஒருவகைத் தோல் புற்று) வெட்டி எடுத்து, ஏழாம் நாள் தையல் பிரித்தார்கள். உள்ளே போட்டது தானாகக் கரைந்துவிடும் என்றார்கள். ஆறு வாரம் ஆகிறது. தழும்பின் மேல் பரு மாதிரி ஒன்று கிளம்பியிருக்கிறது, நுனியில் வெள்ளையாக நூல் தெரிகிறது. புற்று திரும்பிவிட்டதா? நூலை இழுத்துவிடலாமா?
– வாசகி, திருச்சி

பதில்: பயப்படாதீர்கள். நூலே தெரிவதால், உள்தையலின் முடிச்சைத் தோல் வெளியே தள்ளுகிறது என்றே எண்ண வேண்டும். இரண்டாம் வாரம் முதல் மூன்று மாதம் வரை இப்படி வருவதுண்டு. ஆனால் வீட்டில் இழுக்காதீர்கள். பாதியில் அறுந்து மிச்சம் உள்ளேயே தங்கும், கிருமியும் ஏறும். மருத்துவர் பருவின் தலையை ஊசிமுனையால் திறந்து, மெல்லிய இடுக்கியால் நூலைத் தூக்கி, அடியோடு கத்தரித்து எடுப்பார். சில நிமிட வேலைதான். ஆறு வாரம் ஆனபின் அந்த ஒரு நூல் போனால் காயம் பிளக்காது.

இந்தத் தையல் எதற்கு? ஏழாம் நாளில் காயத்துக்குப் பழைய தோலின் பலத்தில் பத்தில் ஒரு பங்குகூட வந்திருக்காது. மேல்தையலை அதிக நாள் விட்டால் முகத்தில் ஏணிப்படி போலத் தடம் விழும். ஆகவே இழுவிசையை உள்தையல்தான் தாங்க வேண்டும். கரையும் நூல்களில் விக்ரில் என்பது மூன்றாம் வாரத்திலும் பாதி பலத்தோடு இருக்கும். முழுதாகக் கரைய 56 முதல் 70 நாள் ஆகும். மோனோக்ரில் என்ற இன்னொரு நூல் இரண்டு வாரத்திலேயே பெரும்பகுதி பலத்தை இழந்துவிடும், கரைவதற்கோ மூன்று, நான்கு மாதம் எடுக்கும்.

உள்தையல் போடும்போது ஊசி காயத்தின் ஒரு பக்கம் அடியிலிருந்து மேலேறி, மறுபக்கம் அதே மட்டத்தில் நுழைந்து கீழிறங்கும். அதனால் முடிச்சு ஆழத்தில் புதையும். நூல் தோலின் மேற்பரப்புக்கு மிக அருகே போனாலோ, முடிச்சு பருத்துப்போனாலோ, வால் நீளமாக நின்றாலோ இப்படி வெளியே வரும். ரொம்ப இறுக்கினால் ரத்த ஓட்டம் தடைப்பட்டு ஓரம் கருகும். தழும்பு வரப்பு போலப் புடைத்திருந்தால் அது வேண்டுமென்றே செய்தது. சில வாரங்களில் அமுங்கும்.

சுற்றிலும் சிவப்பு பரவினாலோ, சூடு, வலி, காய்ச்சல் வந்தாலோ அன்றே காட்டுங்கள். நூலை எடுத்து ஒரு மாதமாகியும் ஆறாமல் ரத்தம் கசிந்தாலோ, முத்துப்போல் பளபளக்கும் கட்டி தெரிந்தாலோ திசுப் பரிசோதனை தேவை. வெட்டி எடுத்த சதையின் பரிசோதனை அறிக்கையையும் வாங்கிப் பாருங்கள்: ஓரங்களிலும் அடியிலும் புற்றுச் செல் இல்லை என்று அதில் இருக்க வேண்டும்.