ரப்பர் தோட்டத்துக் கதை: ஓவியரைத் தேடுமுன் செய்ய வேண்டியவை

கேள்வி: குலசேகரம் பக்கத்தில் தொடக்கப் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். என் அப்பா ரப்பர் பால்வெட்டும் தொழிலாளி. விடியுமுன் அப்பாவுடன் தோட்டத்துக்குப் போகும் சிறுமியைப் பற்றி, ஆறு வயதுப் பிள்ளைகளுக்காக ஒரு படக்கதை எழுதியிருக்கிறேன். ஏறக்குறைய 1,400 சொற்கள் வருகிறது. ஓவியரை நானே தேட வேண்டுமா? பணம் கட்டினால் அச்சிட்டுத் தருவதாக ஒருவர் சொல்கிறார்; சம்மதிக்கலாமா? கதையை யாராவது தம்முடையது என்று போட்டுக்கொண்டால் என்ன செய்வது?

பதில்: பணம் கட்டாதீர்கள். ஓவியரையும் இப்போது தேட வேண்டாம். கதையிலேயே இன்னும் வேலை பாக்கி இருக்கிறது.

ஆறு வயதுப் பிள்ளைக்கு வாசித்துக் காட்டும் படக்கதைக்கு 1,400 சொற்கள் மிக அதிகம். ஐந்நூறுக்குள் கொண்டுவாருங்கள், முந்நூறில் முடிந்தால் இன்னும் நல்லது. ஒவ்வொரு வரியையும் எடுத்து, இதை ஓவியம் சொல்லிவிடுமா என்று கேளுங்கள். இருட்டு, அப்பாவின் நெற்றியில் கட்டிய விளக்கு, கையிலுள்ள கத்தி, மரத்தில் கட்டிய சிரட்டை எல்லாம் ஓவியரின் பங்கு; அந்த வரிகளை அடித்துவிடலாம். ஓவியத்தால் சொல்ல முடியாதவைதான் உங்கள் பங்கு. அப்பா ஏன் விடியுமுன்னே கிளம்புகிறார்? குளிர்ந்த நேரத்தில்தான் பால் நன்றாக ஓடும், வெயில் ஏறினால் ஓட்டம் குறைந்துவிடும். இந்தக் காரணத்தை எந்த ஓவியமும் காட்டாது. சிறுமி கேட்கட்டும், அப்பா ஒரே வரியில் சொல்லட்டும். வெட்டிலும் சிரட்டையிலும் உறைந்து ஒட்டியிருக்கும் ஒட்டுப்பாலின் நாற்றத்தையும் நீங்கள்தான் எழுத வேண்டும்.

அடுத்து, கையால் ஒரு மாதிரிப் புத்தகம் செய்யுங்கள். எட்டு ஏ4 தாள்களை நடுவில் மடித்துத் தைத்தால் 32 பக்கம். அச்சகத்தில் பெரிய தாளை மடித்து வெட்டுவதால் பக்கங்கள் எட்டின் மடங்காக அமைவது வழக்கம். படக்கதைகளுக்கு 32 பக்கம் பரவலாகிவிட்டதற்கு அதுவும் ஒரு காரணம். தலைப்பு, பதிப்பு விவரப் பக்கங்கள் போக மீதியில் கதையைப் பிரித்து எழுதி, பென்சிலால் குச்சி மனிதர்களை வரைந்தால் போதும். இதைச் செய்யாமல் யாருக்கும் கதையை அனுப்பாதீர்கள் என்றே சொல்வேன். எந்தப் பக்கத்தில் கதை நகராமல் நிற்கிறது என்பது அப்போதே தெரிந்துவிடும்.

பக்கம் திருப்பும் இடம்தான் படக்கதையின் உயிர். உங்கள் கதையில் அது தானாகவே இருக்கிறது: தட்டில் ஊற்றிய பாலில் அமிலம் கலந்து வைக்கிறார்கள், பால் அசைவதை நிறுத்துகிறது. வலப்பக்கம் அங்கே முடியட்டும். திருப்பினால் உறைந்த வெள்ளைக் கட்டி. அது உருளைகளுக்கு இடையில் நசுங்கி ஷீட்டாகிறது.

ஒன்றில் கவனம் தேவை. சிறுமி கத்தியையோ அமிலத்தையோ தொடக் கூடாது. அப்பாவுடன் நடக்கட்டும், பார்க்கட்டும், கேட்கட்டும். அவள் வேலை செய்வதாக ஒரு வரி இருந்தாலும் நல்ல பதிப்பாசிரியர் நிறுத்திக் கேட்பார், கேட்கத்தான் வேண்டும்.

மாதிரி தயாரானதும் உங்கள் வகுப்பில் நீங்களே வாசிக்காதீர்கள். டீச்சர் எழுதியது என்றால் பிள்ளைகள் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். வேறோர் ஆசிரியர் வாசிக்க, நீங்கள் ஓரமாக உட்கார்ந்து, எந்தப் பக்கத்தில் கண்கள் ஜன்னலுக்குப் போகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள்.

இனி பதிப்பகம். ஓவியரைப் பெரும்பாலும் பதிப்பகமே தேர்ந்தெடுக்கும். சென்னையின் துளிகா, டெல்லியைத் தலைமையிடமாகக் கொண்ட நேஷனல் புக் டிரஸ்ட் ஆகியவை தமிழில் படக்கதைகள் வெளியிடுகின்றன; அவரவர் விதிமுறைகளைப் படித்து அனுப்புங்கள். பிரதம் புக்ஸ் 2015-ல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் நீங்களே ஏற்றலாம். ஆனால் அங்கே திறந்த உரிமத்தில் வெளியாகும் கதையை, உங்கள் பெயரைக் குறிப்பிட்டு எவரும் மொழிபெயர்க்கலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம். அது சம்மதமா என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். கதையோடு தோட்டத்துப் புகைப்படங்களும் தயாராக இருக்கட்டும். ரப்பர் மரத்தில் வெட்டு இடது மேலிருந்து வலது கீழாகச் சரியும். தோட்டத்தையே பார்க்காத ஓவியர் அதைத் திருப்பி வரைந்துவிடக்கூடும். உங்கள் ஊர்ப் பிள்ளைகள் முதல் பார்வையிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்.

பணம் வாங்கி அச்சிடுபவர் பெரும்பாலும் விற்பனைக்குப் பொறுப்பேற்பதில்லை. கட்டுக்கட்டாகப் புத்தகம் உங்கள் வீட்டுக்குத்தான் வரும்.

வருமானத்தை நம்பி ஆசிரியர் வேலையை விடாதீர்கள். படக்கதையின் உரிமைத்தொகை (ராயல்டி) எழுத்தாளருக்கும் ஓவியருக்கும் பங்காகும். உங்கள் மாவட்டத்துத் தேரூரில் 1876-ல் பிறந்த கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை பல ஆண்டுகள் ஆசிரியராக இருந்தவர். குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா வங்கியில் பணிபுரிந்தார்.

உரிமை பற்றி: 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதியபோதே உரிமை உங்களுக்கு வந்துவிட்டது. பதிவு கட்டாயமில்லை. ஆயுள் முழுவதும், அதன்பின் 60 ஆண்டுகளும் அது நீடிக்கும். ரப்பர் தோட்டத்துச் சிறுமி என்ற கருவுக்குப் பாதுகாப்பு இல்லை. நீங்கள் எழுதிய வடிவத்துக்குத்தான் உண்டு. எனவே தேதியிட்ட வரைவுகளையும் அனுப்பிய மின்னஞ்சல்களையும் அழிக்காதீர்கள். ஒப்பந்தம் வந்தால் மொழிபெயர்ப்பு, மின்னூல், ஒலி வடிவம் ஆகியவற்றில் எதைக் கொடுக்கிறீர்கள், எத்தனை ஆண்டுக்கு என்று பாருங்கள். உரிமையை எழுதிக் கொடுக்கும்போது காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். ‘எல்லா உரிமைகளும், நிரந்தரமாக’ என்று எழுதியிருந்தால் கையெழுத்திடுமுன் திருத்தம் கேளுங்கள்.