சுப்பர்சார்ஜர் வண்டிக்கு ஒயில் கேட்ச் கேன்: கேள்வியும் பதிலும்

சுப்பர்சார்ஜர் வண்டி வைத்திருப்பவர்கள் கேட்ச் கேன் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று போன கிழமை சொல்லியிருந்தேன். சுப்பர்சார்ஜர் என்பது எஞ்சினே சுழற்றும் காற்றுப் பம்ப். அது காற்றை அழுத்தி உள்ளே தள்ளுவதுதான் பூஸ்ட். கேட்ச் கேன் என்பது எஞ்சினின் மூச்சுக் குழாயில் பூட்டி, அதில் வரும் ஒயில் புகையைப் பிடிக்கும் சின்ன டின். கொழும்பில் இத்தனை பேர் இருக்கிறீர்கள் என்று இப்போதுதான் தெரிகிறது. ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாக்கிவிட்டேன். நான் கராஜில் எஞ்சின் வேலை செய்பவன், கேன் விற்பவன் அல்ல. அதனால் சில பதில்கள் "வாங்காதீர்கள்" என்றே இருக்கும்.

வெள்ளவத்தையிலிருந்து: அண்ணா, என்னுடையது 2004 மினி கூப்பர் எஸ். த்ரொட்டில் பொடியைக் கழற்றினால் உள்ளே ஒயில் ஈரம். சுப்பர்சார்ஜர் சீல் போய்விட்டது என்று பாஸ் சொல்கிறார். கேட்ச் கேன் போட்டால் நிற்குமா?

சீலை மாற்றக் காசு கொடுக்காதீர்கள், கொஞ்சம் பொறுங்கள். உங்கள் வண்டியில் காற்றின் வழியைத் திறந்து மூடும் த்ரொட்டில் முன்னால், சுப்பர்சார்ஜர் பின்னால். காற்று முன்னிருந்து பின்னுக்குப் போகிறது. சுப்பர்சார்ஜரில் கசியும் ஒயில் காற்றை எதிர்த்து நீந்தி த்ரொட்டிலுக்கு வராது. அதன் சொந்த ஒயில் பற்சில்லுப் பெட்டிக்குள் தனியாக இருக்கிறது. அது கசிந்தால் த்ரொட்டிலைத் தாண்டிய பக்கத்தில்தான் ஈரம் தெரியும்.

நீங்கள் பார்த்தது எஞ்சினின் மூச்சு. பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கொஞ்சம் எரிந்த வாயு கீழே ஒயில் நிற்கும் சம்புக்குள் இறங்கும். எந்த எஞ்சினிலும் இது உண்டு, பூஸ்ட் இருந்தால் கூடுதலாக இருக்கும். அந்த வாயு ஒயில் புகையைத் தூக்கிக்கொண்டு எஞ்சினின் மேல்மூடியான டெப்பட் கவரிலிருந்து பிரீதர் குழாய் வழியாக எயார் பைப்புக்கு வந்து, த்ரொட்டிலில் படிகிறது. விரலில் ஒட்டும் அளவு ஈரம் என்றால் துடைத்துவிட்டு ஓடுங்கள். வழிந்து தேங்கி நின்றால் கேன் போடலாம்.

தெஹிவளையிலிருந்து: டெப்பட் கவரில் இரண்டு குழாய் இருக்கிறது. கேனை எதில் பூட்டுவது? ஒரு கேன் போதுமா?

எல்லோரும் முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது. கேன் எந்தக் கம்பனி என்பதெல்லாம் பிறகு.

ஒரு குழாயில் பிசிவி வால்வு இருக்கும், சம்பின் வாயுவை எஞ்சின் உறிஞ்ச விடும் ஒருவழி வால்வு அது. ஐடிலிலும் மெதுவாக ஓடும்போதும் எஞ்சினின் உறிஞ்சல் அந்த வழியாகச் சம்பின் வாயுவை இழுக்கும். மற்றது பிரீதர். அப்போது அதன் வழியாகச் சுத்தக் காற்று உள்ளே போகும். காலி வீதி நெரிசலில் நீங்கள் ஊர்ந்துகொண்டிருக்கும் நேரமெல்லாம் இப்படித்தான்.

மிதியை அழுத்திப் பூஸ்ட் ஏறியதும் கதை மாறும். பிசிவி குழாய் சுப்பர்சார்ஜருக்குப் பிறகு, சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து அனுப்பும் மனிபோல்டில் போய்ச் சேருகிறது என்றால், அங்கே இப்போது உறிஞ்சல் இல்லை, அழுத்தம்தான். வால்வு மூடியே ஆக வேண்டும். வாயு முழுவதும் பிரீதர் வழியாகத் திரும்பி ஓடும். தெற்கு அதிவேகப் பாதையில் உங்கள் கார் ஒயில் குடிக்கிறது என்றால் அது பெரும்பாலும் இந்தப் பக்கத்தால்தான். அதே பிசிவி குழாய் த்ரொட்டிலுக்கும் சுப்பர்சார்ஜருக்கும் நடுவில் சேருகிறது என்றால், அந்த இடத்துக்குப் பூஸ்ட் வராது. பிரச்சினை பாதியாகிவிடும்.

ஆகவே முதலில் குழாயைக் கையால் தடவிக்கொண்டே போய் எங்கே முடிகிறது என்று பாருங்கள். பிறகு இரண்டையும் கழற்றி வெள்ளைத் துணியை உள்ளே விட்டுத் துடையுங்கள். எது அதிகம் அழுக்கோ அதற்குக் கேன். நகரத்துக்குள் மட்டும் ஓடும் வண்டிக்குப் பிசிவி பக்கம் ஒன்று போதும். அடித்து ஓடுபவர்களுக்குப் பிரீதர் பக்கமும் தேவைப்படும். இரண்டு குழாயையும் ஒரே கேனுக்குள் கொண்டுவந்து சேர்க்க வேண்டாம். அதற்கென்று உள்ளே தடுப்பும் ஒருவழி வால்வும் வைத்துச் செய்த கேன் என்றால் சரி. சாதாரணக் கேனில் அப்படிச் சேர்த்தால், பிரீதரால் வந்த காற்று சம்புக்குள் போகாமல் கேனுக்குள்ளேயே திரும்பி மனிபோல்டுக்குப் போய்விடும். சம்புக்குக் காற்றோட்டமே இருக்காது.

கொட்டாஞ்சேனையிலிருந்து: பஞ்சிகாவத்தையில் மலிவாகப் பளபளவென்று நீலம், சிவப்பு கேன்கள் தொங்குகின்றன. அவையெல்லாம் டூப்பா? வெளிநாட்டிலிருந்துதான் எடுக்க வேண்டுமா?

பஞ்சிகாவத்தையைக் குறை சொல்ல மாட்டேன், நானும் அங்கேதான் அலைகிறேன். ஆனால் நிறத்தைப் பார்க்காமல் மூடியைத் திறந்து பாருங்கள். ஒரு முறை வாடிக்கையாளர் ஒருவர் கொண்டுவந்த கேனை, "ஒன்றுமே பிடிக்கவில்லை" என்று அவர் சொன்னதால், அரத்தால் இரண்டாக வெட்டினோம். உள்ளே தகடும் இல்லை, வலையும் இல்லை. காலிப் பால் டின். மேலே பக்கத்தில் பக்கமாக இரண்டு ஓட்டை. ஒன்றால் வந்த புகை நேரே மற்றதால் போய்க்கொண்டிருந்தது. அடியில் மட்டும் ஒரு தேக்கரண்டி ஒயில்.

ஒயில் புகை எதிலாவது மோத வேண்டும், திரும்ப வேண்டும், வேகம் குறைய வேண்டும். அப்போதுதான் சின்னத் துளிகள் சேர்ந்து பெரிதாகி விழும். எனவே உள்வரும் வாய் கீழ்நோக்கி இறங்கியிருக்கிறதா, நடுவில் தடுப்புத் தகடோ துருப்பிடிக்காத கம்பி வலையோ இருக்கிறதா, மூடிக்கு ஓ-ரிங் இருக்கிறதா, வற்றவிட அடியில் வால்வு இருக்கிறதா என்று பாருங்கள். அரை லீற்றர் கொள்ளளவு வீதிக்கு ஓடும் வண்டிக்கு நல்ல அளவு. மலிவுக் கேன் ஒன்றை வாங்கி, பாத்திரம் கழுவும் ஸ்டீல் கம்பியை உள்ளே அடைப்பவர்களும் உண்டு. வேலை செய்யும்தான். ஆனால் நல்ல துருப்பிடிக்காத கம்பியாக இருக்க வேண்டும், வெளிப்போகும் வாய்க்குப் பக்கத்தில் வலையொன்று இறுக்கமாக நிற்க வேண்டும். பிய்ந்த கம்பித் துண்டு சுப்பர்சார்ஜரின் ரோட்டருக்குள் போனால் கேனில் மிச்சம் பிடித்த காசு எங்கே போகும் என்று சொல்லத் தேவையில்லை.

வத்தளையிலிருந்து: அண்ணா, கேனைத் திறந்தால் பாலூற்றிய தேத்தண்ணீர் மாதிரி ஒன்று, மேலே மஞ்சள் பசை. ஹெட் கஸ்கட் போய்விட்டதா? எனக்குப் பயமாக இருக்கிறது.

பயப்பட வேண்டாம் தங்கச்சி. பெற்றோல் எரிந்தால் நீராவி வரும். நமது ஊர்க் காற்றிலும் ஈரம் அதிகம். வீட்டிலிருந்து பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுத் திரும்பும் சின்ன ஓட்டத்தில் ஒயில் சூடேறி அந்தத் தண்ணீர் ஆவியாகப் போக நேரமில்லை. குளிர்ந்த கேனில் படிந்து ஒயிலோடு கலக்கிறது. ஹெட் கஸ்கட் போயிருந்தால் ரேடியேட்டர் தண்ணீர் ஒயிலோடு கலக்கும். அதனால் ரேடியேட்டர் தண்ணீர் குறைகிறதா, ஒயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கிலும் அதே பால் நிறமா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் கேன் தன் வேலையைச் செய்கிறது. கிழமைக்கு ஒரு தடவையாவது வண்டியை அரை மணி நேரம் நல்ல சூட்டில் ஓட்டுங்கள்.

மட்டக்குளியிலிருந்து: சேர்ந்த ஒயிலைத் திரும்ப எஞ்சினுக்குள் ஊற்றலாமா?

வேண்டாம். அதில் தண்ணீர், பெற்றோல், அமிலம் எல்லாம் இருக்கிறது. ஒரு முறை முகர்ந்து பார்த்தால் பிறகு கேட்க மாட்டீர்கள். வடிகானிலும் ஊற்றாதீர்கள், பழைய ஒயிலோடு சேர்த்துக் கராஜில் கொடுங்கள். முதல் தடவை 500 கிலோமீற்றரில் திறந்து அளவைப் பாருங்கள், அதை வைத்து இடைவெளியை முடிவு செய்யலாம்.

பம்பலப்பிட்டியிலிருந்து: கேனின் மேலே சின்ன எயார் பில்டர் வைத்து வெளியே விட்டால் என்ன? ரேஸ் வண்டிகளில் அப்படித்தானே?

ரேஸ் வண்டியில் ஏசி போட்டுக்கொண்டு குடும்பத்தோடு யாரும் போவதில்லை. சிக்னலில் நிற்கும்போது அந்த வாடை ஏசி வழியாக உள்ளே வரும், பில்டரைச் சுற்றி ஒயில் படியும். பிசிவி பக்கத்தில் திறந்த கேனைப் பூட்டினால் கணக்கில் வராத காற்று உள்ளே போய் ஐடில் குழம்பும். வருடாந்தப் புகைப் பரிசோதனையும் இருக்கிறது. வீதி வண்டிக்கு மூடிய கேன்தான்.

தெமட்டகொடையிலிருந்து: பழைய லெவின், 4ஏ-ஜிசட்இ எஞ்சின். அடித்து ஓட்டினால் டிப்ஸ்டிக் மேலே எழும்புகிறது. பெரிய கேன் போட்டால் சரிவருமா?

வராது தம்பி. சம்புக்குள் அழுத்தம் ஏறுகிறது. ஒன்று பிசிவி வால்வு பழுதாகிப் பூஸ்ட் நேரே உள்ளே போகிறது, இல்லையென்றால் ரிங் தேய்ந்துவிட்டது. வால்வைக் கழற்றி இரண்டு பக்கமும் ஊதிப் பாருங்கள். ஒரு பக்கம்தான் காற்றுப் போக வேண்டும். அது சரியென்றால் லீக்டவுன் டெஸ்ட் எடுங்கள், சிலிண்டருக்குள் காற்றை அடைத்து எவ்வளவு கசிகிறது என்று பார்ப்பது அது. கம்ப்ரஷன் மட்டும் பார்த்துவிட்டு "எஞ்சின் நல்லம்" என்று சொன்னால் நம்ப வேண்டாம். அந்த எஞ்சின் 1986இல் வந்தது. அதற்கு வயதாகிவிட்டது என்று சொன்னால் கோபிக்காதீர்கள், எனக்கும் அது பிடித்த எஞ்சின்தான்.

அதே தம்பி: சரி, குழாய் எந்த அளவு? என்னிடம் அரை அங்குலக் குழாய் மிச்சம் இருக்கிறது.

கம்பனிக் குழாயின் உள்விட்டத்துக்குக் குறையவே கூடாது. 19 மில்லிமீற்றர் இருந்த இடத்தில் 13 போட்டால் வாய் பாதிக்கும் குறைவு. டிப்ஸ்டிக் இன்னும் உயரமாக எழும்பும். ஹீட்டருக்குப் போடும் சாதாரண சிலிக்கன் குழாயும் வேண்டாம், ஒயிலை உறிஞ்சி வியர்க்கும். ஒயில் தாங்கும், உறிஞ்சலில் அமுங்காத குழாயாக எடுங்கள். வழியில் தொங்கித் தேங்கும் வளைவு இருக்கக் கூடாது.

நுகேகொடையிலிருந்து: நிசான் நோட், 1.2 சுப்பர்சார்ஜர். எனக்கும் தேவையா?

உங்களுடையது டிரெக்ட் இன்ஜெக்‌ஷன். பெற்றோல் நேரே சிலிண்டருக்குள் விழுவதால் உள்ளிழுக்கும் வால்வின் முதுகைக் கழுவ ஒன்றுமில்லை, ஒயில் புகை அங்கே கரியாகப் படியும். கேனால் பயன் உண்டு. ஏற்கெனவே படிந்த கரியை அது எடுக்காது. கேன் போடாவிட்டாலும் ஒயிலை நேரத்துக்கு மாற்றுங்கள்.

கல்கிசையிலிருந்து: நல்ல கேன், நல்ல குழாய். 1,000 கிலோமீற்றர் ஓடியும் ஒரு சொட்டு இல்லை!

உள்ளே வரும் குழாயையும் வெளியே போகும் குழாயையும் மாற்றிப் பூட்டியிருக்கிறீர்களா பாருங்கள், கிழமைக்கு ஒருவர் அப்படி வருகிறார். அடுத்து கேன் எக்ஸோஸ்டுக்குப் பக்கத்திலா? சூடான கேனில் புகை துளியாக மாறாது, முன்பக்கம் காற்றுப் படும் இடத்துக்கு மாற்றுங்கள். இரண்டும் சரியென்றால் கேனுக்குப் பிறகு வரும் குழாயைக் கழற்றித் துணியால் துடையுங்கள். துணி வெள்ளையாகவே வந்தால் உங்கள் ரிங் நல்லம். கேனைக் கழற்றித் தெமட்டகொடைத் தம்பிக்குக் கொடுத்துவிடலாம்.