ஒப்பந்தங்கள்தான் போரைக் கொண்டுவந்தனவா? (வாசகர் கடிதம்)

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். 1914-இல் சரயேவோவில் ஆஸ்திரியப் பட்டத்து இளவரசர் சுட்டுக்கொல்லப்பட்டதுதான் முதல் உலகப்போரின் தீப்பொறி என்றும், நாடுகள் தமக்குள் செய்துகொண்டிருந்த ராணுவ ஒப்பந்தங்களே அந்தத் தீயை ஐரோப்பா முழுவதும் பரப்பின என்றும் பள்ளியில் படித்தேன். ஆஸ்திரியாவுக்கும் செர்பியாவுக்கும் இடையிலான பகைக்காகப் பிரான்ஸும் பிரிட்டனும் ஏன் தம் மக்களைப் பலிகொடுத்தன? ஒப்பந்தங்கள் உள்ளவரை வட்டாரப் பூசல்கள் பெரும்போராக மாறியே தீருமா?

கே.

அன்புள்ள கே.,

தீப்பொறி என்ற உவமை எனக்கு உவப்பானதல்ல. தீ தானாகப் பரவும். 1914 ஜூலையில் எதுவுமே தானாக நடக்கவில்லை. கொலை நடந்தது ஜூன் 28 அன்று. செர்பியாவுக்கு ஆஸ்திரியா 48 மணி நேரக் கெடுவுடன் இறுதி எச்சரிக்கை விடுத்தது ஜூலை 23 அன்று. இடைப்பட்ட மூன்றரை வாரங்களில் பலர் உட்கார்ந்து யோசித்து, கணக்குப் போட்டு, அந்தக் கணக்கில் தவறினார்கள்.

ஒப்பந்தங்களை மட்டும் குற்றம் சொல்வதும் பொருந்தாது. ஜெர்மனி, ஆஸ்திரியாவுடன் முக்கூட்டணியில் இருந்த இத்தாலி 1914-இல் நடுநிலை அறிவித்துவிட்டு, மறு ஆண்டு ஆஸ்திரியாவுக்கு எதிராகவே போரில் இறங்கியது. பிரான்ஸுக்காகப் போரிட்டே ஆகவேண்டும் என்று பிரிட்டனைக் கட்டுப்படுத்திய ஒப்பந்தம் எதுவும் இல்லை. பெல்ஜியத்தின் நடுநிலையைக் காக்கும் 1839 உடன்படிக்கை இருந்தது, அதையும் எவ்வளவு தூரம் மதிப்பது என்று லண்டன் அமைச்சரவை கடைசி நாட்கள் வரை விவாதித்துக்கொண்டிருந்தது.

என் பார்வையில் முந்தைய நெருக்கடிகளை ஒவ்வொரு தலைநகரமும் எப்படி நினைவில் வைத்திருந்தது என்பதுதான் முக்கியம். 1908-இல் ஆஸ்திரியா போஸ்னியாவைத் தன்னுடன் இணைத்துக்கொண்டபோது, செர்பியாவுக்கு ஆதரவாக நின்ற ரஷ்யா, ஜெர்மனியின் மிரட்டலுக்குப் பணிந்து மறு ஆண்டு அதை ஏற்றுக்கொண்டது. 1913 அக்டோபரில் ஆஸ்திரியா கெடு விதித்ததும் செர்பியா அல்பேனியாவிலிருந்து படைகளை விலக்கிக்கொண்டது. இவற்றிலிருந்து, அதட்டினால் செர்பியா அடங்கும், ரஷ்யாவும் விலகி நிற்கும் என்ற பாடத்தை வியன்னாவும் பெர்லினும் கற்றுக்கொண்டன. இன்னொரு முறை பணிந்தால் வல்லரசு என்று சொல்லிக்கொள்ள முடியாது என்ற பாடத்தை அன்றைய ரஷ்யத் தலைநகர் பீட்டர்ஸ்பர்க் கற்றுக்கொண்டது. சமரசமாக முடிந்த நெருக்கடி ஒவ்வொன்றும் அடுத்த சமரசத்தைக் கடினமாக்கிக்கொண்டே வந்தது. இந்த நிலையில்தான் ஜூலை 5 அன்று, ஆஸ்திரியா எதைச் செய்தாலும் உடன் நிற்பதாக ஜெர்மானியப் பேரரசர் வில்ஹெம் வாக்களித்தார். ஆஸ்திரியா தன் பூசலை இனி தன் பலத்துக்குள் அடக்கிக்கொள்ள வேண்டிய அவசியம் இல்லாமல் போனது.

இங்கே ஒரு விநோதம். ஆகஸ்ட் நடுப்பகுதிக்கு முன் படை தயாராகாது என்று ஆஸ்திரியத் தளபதி கான்ராட் சொல்லியிருந்தும், ஜூலை 28 அன்றே போர் அறிவிக்கப்பட்டது. பிற நாடுகள் சமரசம் பேச வந்துவிடக்கூடாது என்பதே அந்த அவசரத்தின் முக்கியக் காரணம். அதே நாள் காலையில்தான் செர்பியாவின் பணிவான பதிலைப் படித்த வில்ஹெம், போருக்கான காரணமெல்லாம் நீங்கிவிட்டது என்று குறிப்பு எழுதினார்.

அதன்பின் ராணுவ அட்டவணைகள் முன்னுக்கு வந்தன. ஜூலை 29 இரவு வில்ஹெமின் தந்தியைப் படித்த ரஷ்யப் பேரரசர் நிக்கோலஸ், முழுப் படைதிரட்டல் ஆணையைக் கடைசி நேரத்தில் நிறுத்தினார். ஆஸ்திரியாவுக்கு எதிராக மட்டும் பகுதிப் படைதிரட்டல் போதும் என்றார். அதற்குச் சரியான திட்டமே இல்லை என்றும், பின்னால் முழுவதும் திரட்ட வேண்டிவந்தால் எல்லாம் குழம்பிவிடும் என்றும் தளபதிகள் பதறினார்கள். மறுநாள் பிற்பகல் வெளியுறவு அமைச்சர் சசோனோவ் ஏறக்குறைய ஒரு மணி நேரம் வாதாடி மன்னரின் இசைவைப் பெற்றார். படைத் தலைமையகத்தின் தலைவர் யனுஷ்கேவிச், இம்முறை அனுமதி கிடைத்தால் மன்னர் மறுபடியும் மனம் மாறி அழைக்காதபடி தொலைபேசியை உடைத்துப்போடுவேன் என்று முன்பே சொல்லியிருந்தார். ஆணையைத் தெரிவித்த சசோனோவ், இனி தொலைபேசியை உடைத்துவிடலாம் என்றார்.

ரஷ்யா படைதிரட்டுவதும் ரஷ்யா போர் தொடுப்பதும் ஒன்றல்ல. ஆனால் ஜெர்மனியால் அப்படிப் பிரித்துப் பார்க்க முடியவில்லை. ரஷ்யப் படை மெதுவாகக் கூடுவதற்குள் பெல்ஜியம் வழியாகப் பாய்ந்து ரஷ்யாவின் கூட்டாளியான பிரான்ஸை வீழ்த்துவது ஒன்றே அதனிடம் இருந்த திட்டம். ஆகஸ்ட் 1 மாலை, பிரிட்டன் விலகி நிற்கக்கூடும் என்ற தகவல் லண்டனிலிருந்து வந்ததும், மொத்தப் படையையும் கிழக்கே திருப்பலாமே என்று வில்ஹெம் மகிழ்ந்தார். முடியாது என்றார் தலைமைத் தளபதி மோல்ட்கே. கிழக்கு முனைக்கான தனித் திட்டத்தை 1913-இலேயே கைவிட்டிருந்தார்கள். பல ஆயிரம் ரயில்களின் பயண ஒழுங்கை ஓர் இரவில் மாற்றி எழுத முடியாது. அந்தத் தகவலே தவறு என்று இரவுக்குள் தெரிந்ததும், விருப்பப்படி செய்துகொள் என்று பேரரசர் சொல்லிவிட்டார். பால்கன் பூசல் பெல்ஜியத்தின் வயல்களுக்குப் போன வழி இதுதான். பிரான்ஸும் பிரிட்டனும் வந்து சேர்ந்த வழியும் இதுவே. ஆஸ்திரியாவுக்குத் துணை நின்ற ஜெர்மனி ஆகஸ்ட் 1 அன்றே ரஷ்யாமீது போர் அறிவித்தது. ஆஸ்திரியா ரஷ்யாமீது போர் அறிவித்ததோ ஆகஸ்ட் 6 அன்று.

பெரும்போராக மாறியே தீருமா என்ற உங்கள் கேள்விக்கு, இல்லை என்பதே என் பதில். 1950 பிப்ரவரியில் சீனாவும் சோவியத் ஒன்றியமும் ராணுவ ஒப்பந்தம் செய்துகொண்டிருந்தன. அதே ஆண்டு கொரியாவில் சீனப் படைகளும் அமெரிக்கப் படைகளும் நேருக்கு நேர் மோதின. ஒப்பந்தமே போரை இழுத்துவரும் என்றால் அன்றே மூன்றாம் உலகப்போர் வந்திருக்க வேண்டும். ஸ்டாலின் தன் விமானிகளை அனுப்பத்தான் செய்தார். ஆனால் சீனச் சீருடை அணிவித்து, விமானங்களில் சீன, கொரிய அடையாளங்களை வரைந்து, தன் தரப்பின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிக்கு மேலேயே அவர்கள் பறக்க வேண்டும் என்று கட்டுப்படுத்தி அனுப்பினார். எதிரே பறப்பவர்கள் ரஷ்யர்கள் என்று வாஷிங்டனுக்குத் தெரியும். தெரிந்ததாகக் காட்டிக்கொண்டால் பதிலடி கேட்டுச் சொந்த நாட்டிலேயே குரல் எழும் என்பதால் அதுவும் வாய் திறக்கவில்லை. சீனாவுக்குள்ளும் போரை விரிக்க வேண்டும் என்று வெளிப்படையாகப் பேசிய தளபதி மக்ஆர்தரை 1951 ஏப்ரலில் அதிபர் ட்ரூமன் பதவியிலிருந்து நீக்கினார்.