வைரஸ் அடங்கிவிட்டது, மறதி மட்டும் ஏன்?

கேள்வி: வயது 47. எட்டு வருடமாக எச்.ஐ.வி.க்குக் குளிசை எடுக்கிறேன். வைரஸ் இரத்தத்தில் தெரியவில்லை என்கிறார்கள். ஆனால் கடைக் கணக்கில் தடுமாறுகிறேன், பெயர்கள் மறக்கின்றன, கெட்ட கனவு வருகிறது, முடி கொட்டுகிறது. இந்த வைரஸ் மூளையைத் தின்றுவிடும் என்று யூடியூப்பில் பார்த்தேன். ஞாபகசக்திக் குளிசையும் கல்சியமும் பாமசியில் வாங்கிப் போடுகிறேன். என் வருத்தம் மனைவிக்கு மட்டும்தான் தெரியும்; விசர் பிடித்து ஊருக்கு உளறிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. – வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: தம்பி, உங்களுக்கு விசர் பிடிக்கப் போவதில்லை, உளறி ஊருக்குச் சொல்லிவிடவும் மாட்டீர்கள். வீட்டாரையே அடையாளம் தெரியாமல் போகும் நிலை, 1996 அளவில் கூட்டு மருந்துகள் வருமுன் நிறையப் பேருக்கு வந்தது. ஒழுங்காக மருந்தெடுப்பவர்களிடம் இன்று அது அரிது.

எச்.ஐ.வி. மூளையைத் தின்பதில்லை. நரம்புக்கலங்களுக்குள் அது போவதே இல்லை. தொற்றிய முதல் வாரங்களிலேயே மூளையின் காவல் கலங்களான மைக்ரோகிளியாவில் குடியேறிவிடுகிறது. குளிசை அதைப் பெருகவிடாது, ஆனால் ஒளிந்திருப்பதை அழிக்காது. அதனால் மெல்லிய அழற்சி அடங்காமல் இருந்து, பக்கத்து நரம்புக்கலங்களைத் தொந்தரவு செய்கிறது. சிகிச்சை தொடங்கும்போது சீடி4 எனும் நோயெதிர்ப்புக் கலங்களின் எண்ணிக்கை 200க்கும் கீழே இறங்கியிருந்தால், அன்று பட்ட சேதத்தின் மிச்சமும் இருக்கும். கணக்குப் பிந்துவது இப்படித்தான். பலருக்கு இது வருடக்கணக்காகக் கூடாமல் அப்படியே நிற்கும்.

எல்லாப் பழியையும் வைரஸ் தலையிலும் போடாதீர்கள். மனச்சோர்வு, மது, பிறஷர், சீனி, தைராய்டு, பி12 குறைவு, சிபிலிஸ் என்ற பாலியல் நோய் எல்லாமே மறதியைத் தரும், எல்லாவற்றுக்கும் மருந்து உண்டு. கனவுக்கு எஃபாவிரென்ஸ் என்ற எச்.ஐ.வி. மருந்து காரணமாக இருக்கலாம். மருந்தை மாற்றச் சொல்லிக் கேளுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம். முடி கொட்டுவதையும் கிளினிக்கில் சொல்லுங்கள், தைராய்டும் சிபிலிசும் மறதியோடு முடியையும் கொட்டவைக்கும்.

ஞாபகசக்திக் குளிசை வீண்செலவு. கல்சியம் அதைவிட மோசம். உங்கள் மருந்தில் டொலுடெக்ராவிர் இருந்தால், வெறும் வயிற்றில் அதையும் கல்சியத்தையும் சேர்த்து விழுங்கும்போது மருந்து உடம்பில் சரியாகச் சேராது. யாரைக் கேட்டு வாங்கினீர்கள்?

நான் பயப்படுவது வேகத்துக்கு. மறதியோ குழப்பமோ சில நாட்களில், ஓரிரு வாரங்களில் திடீரென்று கூடினால், அதோடு விடாத தலையிடி, காய்ச்சல், ஒரு பக்கக் கை கால் சோர்வு, நாக்குக் குழறல், வலிப்பு என்று எது வந்தாலும் அன்றைக்கே யாழ். போதனா வைத்தியசாலையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். அங்கே எச்.ஐ.வி. என்பதை மறைக்காதீர்கள். மறைத்தால் சாதாரணத் தலையிடியாகப் பார்த்து அனுப்பிவிடுவார்கள், மூளைக்காய்ச்சல் உள்ளே வளரும். மாதக்கணக்கில் மெதுவாகக் கூடினாலும் கிளினிக்கில் சொல்லுங்கள். இரத்தம் சுத்தமாக இருக்க, முள்ளந்தண்டு நீரில் மட்டும் வைரஸ் பெருகுவது அபூர்வமாக நடக்கும். அந்த நீரை எடுத்துப் பார்த்து மருந்தை மாற்றினால் பலர் தேறுகிறார்கள்.

அடுத்த கிளினிக்குக்கு மனைவியையும் கூட்டிப் போங்கள். மறதி எப்போது தொடங்கியது, கூடுகிறதா என்று உங்களைவிட அவர் நன்றாகச் சொல்வார். பாமசியில் வாங்கியது அத்தனையையும் பையில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.