பாலிஹவுஸ் கார்னேஷன்: மொட்டுப் பருவத்தில் இலைக் கோளாறுகள் (கேள்வி பதில்)

நீலகிரியில் பாலிஹவுஸில், அதாவது பாலிதீன் கூரைக் குடிலில், கார்னேஷன் என்ற கொய்மலர் போட்டிருப்பவர்கள் கேட்டவை இவை. எல்லாமே மொட்டு வந்த பிறகு இலையில் தெரிகிற கோளாறுகள். பதிலுக்கு முன் ஒரு வார்த்தை. மருந்துக் கடைக்குக் கிளம்பும் முன், கோளாறு அடி இலையிலா நுனி இலையிலா, பாத்தி முழுக்கவா திட்டுத் திட்டாகவா என்று பாருங்கள். தழை, மணி, சாம்பல் (பொட்டாஷ்), மக்னீசியம் குறைந்தால் செடி பழைய இலையிலிருந்து உருவி மொட்டுக்குக் கொடுத்துவிடும். அதனால் அடி இலைதான் முதலில் காட்டும். கால்சியம், போரான், இரும்பு அப்படி இடம் மாறாது, குறைந்தால் குருத்தில் தெரியும். திட்டாக வந்தால் பெரும்பாலும் பூச்சி, நோய், இல்லையென்றால் அடைத்துக்கொண்ட டிரிப்பர் (சொட்டு நீர் விடும் முனை).

கோத்தகிரி: அண்ணா, மொட்டு பட்டாணி அளவுக்கு வந்திருக்கு. மேல் இலைகளோட நுனி மட்டும் வெளுத்துக் காயுது. கால்சியம் நைட்ரேட் வாரம் ரெண்டு தடவை விடுறோம், அப்புறமும் ஏன்?

மண்ணில் கால்சியம் இருக்கிறது, மேலே ஏறவில்லை. அது தண்ணீரோடு சேர்ந்துதான் ஏறும். இலை ஆவி விட்டால்தான் வேர் தண்ணீரை இழுக்கும். மூடுபனி நாட்களில் குளிருக்குப் பயந்து சைடு கர்ட்டனை (பக்கவாட்டுத் திரையை) நாள் முழுக்க இறக்கி வைத்தால் உள்ளே காற்று ஈரத்தில் ஊறி நிற்கும், ஆவி போக வழியில்லை. நாலு நாள் கழித்துப் பளீரென்று வெயில் அடிக்கும்போது, வளர்ந்துகொண்டிருக்கும் மெல்லிய நுனி கருகிவிடும்.

காலையில் கூரையின் உள்பக்கம் நீர் சொட்டுகிறதா பாருங்கள். சொட்டினால் மேல் வென்ட்டையும் (கூரைக் காற்றுத் திறப்பையும்) காற்று வராத பக்கத்துக் கர்ட்டனையும் ஒரு முழமாவது திறந்துவிடுங்கள். பனி இருந்தாலும் திறக்கலாம், காற்று நகர்வதுதான் முக்கியம்.

அடுத்து உரம். மொட்டு வந்துவிட்டது என்று 13:0:45-ஐ (பொட்டாசியம் நைட்ரேட்; எண்கள் தழை, மணி, சாம்பல் சதவீதம்) அளவில்லாமல் ஏற்றினால் பொட்டாஷ் கால்சியத்துக்கு வழிவிடாது. 19:19:19-ல் இருக்கும் அம்மோனியமும் அதையேதான் செய்யும். கொஞ்ச நாளைக்கு 19:19:19-ஐ நிறுத்துங்கள். இலைவழி கொடுப்பதானால் லிட்டருக்கு 5 கிராம் கால்சியம் நைட்ரேட், வெயில் ஏறும் முன், வாரம் ஒரு முறை. மொட்டு நிறம் காட்டிய பிறகு தெளிக்க வேண்டாம், இதழில் கறை விழும்.

கால்சியம் நைட்ரேட்டை மக்னீசியம் சல்பேட்டுடனோ 12:61:0 என்ற மணிச்சத்து உரத்துடனோ ஒரே டிரம்மில் கரைக்கிற வழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள். அடர்த்தியாகக் கரைத்தால் பால்போல் திரண்டு, செடிக்குப் போகாமல் டிரிப்பரை அடைக்கும். உரத்தை நீரில் கலந்துவிடும் வென்ச்சுரி ஒன்றே வைத்திருப்பவர்கள் இன்று ஒன்று, நாளை மற்றொன்று என்று பிரித்துக்கொள்ளலாம். கருகிய நுனி திரும்பப் பச்சையாகாது. அடுத்து வரும் இரண்டு ஜோடி இலை சுத்தமாக வந்தால் சரியாகிவிட்டது.

ஜெகதளா: இலை நுனியெல்லாம் வெளிப்பக்கம் சுருண்டு வளையுது. வைரஸா?

இல்லை. கார்னேஷனுக்கு அதுதான் ஆரோக்கியம். சுருளாமல் நேராக, ஈட்டி மாதிரி நின்று, அடி இலையும் வெளிறினால்தான் தழைச்சத்து போதவில்லை என்று யோசிக்க வேண்டும்.

கேத்தி: மார்ச் மாசம் ஆனாலே இலை சாம்பல் பூத்த மாதிரி மங்கிடுது. மக்னீசியம் குறைவுன்னு கடையில சொல்லி எப்சம் சால்ட் (மக்னீசியம் சல்பேட்) கொடுத்தாங்க. மாற்றமே இல்லை சார்.

எப்படி இருக்கும்? இது செஞ்சிலந்தியாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். கதவோரமும், வெயில் படும் ஓரப் பாத்தியும் முதலில் மங்கியிருந்தால் சந்தேகமே வேண்டாம். வெள்ளைத் தாளை இலைக்கு அடியில் பிடித்துத் தண்டைத் தட்டுங்கள். தூசி விழும், அந்தத் தூசியில் சில நடக்கும். 10 மடங்கு லென்ஸில் இலையின் அடிப்பக்கம் முட்டையும் தெரியும். மொட்டுக்கு இடையில் நூல் கட்டிவிட்டால் தாமதமாகிவிட்டது, அந்தக் காம்புகளை வெட்டிப் பையில் போட்டு வெளியேற்றுங்கள்.

உள்ளே 30 டிகிரியைத் தொட்டால் முட்டை ஒரு வாரத்திலேயே முழுச் சிலந்தியாகிவிடும். ஒரு தெளிப்பு போதாததற்குக் காரணம், முட்டையைக் கொல்லாத மருந்துகள் பல. 5 முதல் 7 நாள் இடைவெளியில் இரண்டு, மூன்று முறை, இலையின் அடிப்பக்கம் நனைய அடிக்க வேண்டும். அபாமெக்டின் அடித்தால் அடுத்த சுற்றில் ஸ்பைரோமெசிபென் போல வேறு வகைக்கு மாறுங்கள், அளவு லேபிளில் உள்ளபடி. நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம் ஆரம்ப நிலையில் நன்றாகவே கேட்கும். ஆனால் வெயில் 30 டிகிரி தாண்டும் நேரத்தில் வேண்டாம், வேப்பெண்ணெய் அடித்து இரண்டு வாரம் ஆகாமலும் வேண்டாம், இலை கருகும்.

இலைப்பேனுக்கென்று சைபர்மெத்ரின் மாதிரி மருந்துகளைத் திரும்பத் திரும்ப அடிக்கும் பாலிஹவுஸில்தான் செஞ்சிலந்தி பெருகுகிறது. சிலந்தியைத் தின்னும் பூச்சிகளை அந்த மருந்து முதலில் அழித்துவிடுகிறது.

குன்னூர்: நம்ம மண்ணு மழையில எல்லாச் சத்தும் கழுவிப்போற மண்ணுதானே? அப்ப உப்பு கூடிடுச்சுன்னு எப்படிச் சொல்றாங்க? எனக்கு அடி இலை விளிம்பு காஞ்சு வருது.

வெளியே மழை பெய்கிறது, கூரைக்குக் கீழே பெய்வதில்லையே. பாலிஹவுஸ் மண் ஒரு வருடத்தில் ஒருநாள்கூட நன்றாகக் கழுவப்படுவதில்லை, நீங்கள் போட்ட உரத்தின் மிச்சமெல்லாம் அங்கேயே இருக்கிறது. வீட்டிலேயே பார்க்கலாம். வேர் இருக்கும் ஆழத்திலிருந்து ஐந்தாறு இடத்து மண்ணைக் கலந்து, ஒரு கப் மண்ணுக்கு இரண்டு கப் டிஸ்டில்டு வாட்டர். கலக்கி அரை மணி நேரம் வைத்து, உப்பளவு காட்டும் ஈசி மீட்டரை விடுங்கள். 1.25 mS/cm வரை பயமில்லை. 1.75 தாண்டினால் உரத்தை நிறுத்தி, இரண்டு மூன்று நாள் வெறும் தண்ணீரை இடைவெளி விட்டு விட்டுக் கொடுத்து, வேருக்குக் கீழே இறக்குங்கள். வடிகால் இல்லாத பாத்தியில் இதைச் செய்யக் கூடாது, வேர் அழுகும்.

அளவு குறைவாகவே காட்டினால் அப்போது பொட்டாஷ் பற்றாக்குறை என்று எடுத்துக்கொள்ளலாம். இரண்டுக்கும் இலை ஒரே மாதிரிதான் காயும். அளக்காமல் பொட்டாஷ் போட்டால் பாதிப் பேருக்கு நோய் கூடிவிடும்.

நெடுகுளா: மத்தியானம் செடி வாடுது, ராத்திரி நிமிருது. ஒரு பக்கக் கிளை மட்டும் வெளிறிப்போச்சு. தண்ணி போதலையா?

ஒரு பக்கம் மட்டும் என்றால் தண்ணீர்க் குறை இல்லை. அந்தச் செடியைப் பிடுங்குங்கள். எளிதாக மண்மட்டத்தில் ஒடிந்து, கழுத்து வெளிப்பக்கம் அழுகியிருந்தால் ரைசோக்டோனியா என்ற பூஞ்சை. நாற்றை ஆழமாக நட்ட பாத்தியில் அதிகம் வரும். வேரோடு வந்து, தண்டைக் குறுக்கே வெட்டினால் உள்ளே பழுப்புக் கீற்று தெரிந்தால் பியுசேரியம் வாடல். வேரில் முடிச்சு இருந்தால் நூற்புழு, அது வாடலுக்கும் வாசல் திறந்துவிடும்.

பியுசேரியம் வந்த செடிக்கு மருந்து இல்லை, யார் விற்றாலும் வாங்காதீர்கள். செடியையும் சுற்றியுள்ள மண்ணையும் பையில் அள்ளி வெளியே கொண்டுபோங்கள், பாத்தி வழியே இழுக்காதீர்கள். கத்தரியை ஸ்பிரிட்டில் துடைக்காமல் அடுத்த செடியைத் தொடாதீர்கள். வேலையாட்கள் நோயுள்ள பாத்திக்குக் கடைசியில் போகட்டும். மண் பிஹெச் (புளிப்பைக் காட்டும் அளவு) 6.5-ஐ ஒட்டி இருப்பதும், தழைச்சத்து நைட்ரேட்டாகப் போவதும் இந்தப் பூஞ்சையை அடக்கும். ட்ரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூஞ்சை அடுத்த நடவுக்கு முன் தொழுவுரத்தில் கலந்து இடவேண்டியது, வாடிய பிறகு ஊற்றுவது வீண்.

ஊட்டி: மொட்டு குட்டையா இருக்கு, புல்லி வெடிச்சு இதழ் பக்கவாட்டுல பிதுங்குது. குருத்து இலையும் தடிச்சுச் சிறுத்திருக்கு.

புல்லி (மொட்டைச் சுற்றிய பச்சை உறை) வெடிப்பு மட்டும் என்றால் பகல் வெக்கைக்கும் இரவுக் குளிருக்கும் உள்ள பெரிய வித்தியாசமே காரணமாக இருக்கலாம். ஊட்டியில் டிசம்பர், ஜனவரியில் அது சாதாரணம். மாலை 4 மணிக்குக் கர்ட்டனை இறக்கிச் சூட்டைப் பிடித்து வையுங்கள், மொட்டுக்கு ரப்பர் பேண்ட் போடுங்கள். ஆனால் குருத்தும் சேர்ந்து சிறுத்து, கணு இடைவெளி குறைந்து, நுனி செத்துப் பக்கக் கிளைகள் கொத்தாக வந்தால் போரான் குறை.

டோலமைட் சுண்ணாம்பு எவ்வளவு போட்டீர்கள்? நம் புளிப்பு மண்ணுக்குச் சுண்ணாம்பு வேண்டும்தான், ஆனால் பரிசோதனை இல்லாமல் மூட்டைக் கணக்கில் கொட்டி பிஹெச் 7 தாண்டினால் போரானும் இரும்பும் பூட்டிக்கொள்ளும். 20 சதவீத போரான் உரம் லிட்டருக்கு அரை முதல் 1 கிராம், 15 நாள் இடைவெளியில் இரண்டு முறை தெளித்து நிறுத்துங்கள். குறைக்கும் நச்சுக்கும் இடையில் தூரம் ரொம்பக் குறைவு. பழைய இலை நுனி பழுப்பானால் கூடிவிட்டது என்று அர்த்தம்.

கட்டபெட்டு: இலையில காப்பித்தூள் மாதிரி பொடி. விரல்ல ஒட்டுது.

துரு நோய். இலையில் தண்ணீர் நிற்காமல் அது முளைக்காது. மேலே ஹோஸில் அடிப்பதை நிறுத்துங்கள், கூரை சொட்டும் இடத்தைச் சரி செய்யுங்கள், பொடி உள்ள இலையைக் கிள்ளி அப்புறப்படுத்துங்கள். மான்கோசெப் லிட்டருக்கு 2 கிராம், நிறம் காட்டாத மொட்டுப் பருவம் வரை மட்டும். நடுவில் சாம்பல், விளிம்பில் ஊதா நிறத்தில் வட்டப் புள்ளியாக இருந்தால் துரு இல்லை, ஆல்டர்னேரியா பூஞ்சையின் இலைப்புள்ளி. அது கணுவில் இறங்கினால் காம்பு ஒடியும்.

எப்பநாடு: உறைபனி நாள்ல அடி இலை ஊதாவா மாறுது. 12:61:0 விடலாமா?

வேண்டாம். மணிச்சத்து மண்ணில் இருந்தாலும் குளிர்ந்த வேர் எடுக்காது. அதிகாலையில் பனிக்கட்டி போன்ற தண்ணீரை விடாமல், தொட்டித் தண்ணீர் வெயிலில் கொஞ்சம் சூடேறிய பிறகு 10 மணிக்கு மேல் விடுங்கள். பிப்ரவரி கடைசியிலும் ஊதா போகாமல் புது வளர்ச்சி மெலிந்திருந்தால் மண் பரிசோதனை செய்து, அப்புறம் உரம்.

கூக்கல்தொரை: மருந்து அடிச்ச பிறகு இலையோட வெள்ளைப் பூச்சு போய் பச்சையாத் தெரியுது. நோயா?

அது இலையின் மெழுகு. ஒட்டுப் பசை, சோப்பு அளவு கூடினால் கழுவிக்கொண்டு போய்விடும். மெழுகு போன இலையில் தண்ணீர் தங்கும், துரு எளிதில் பிடிக்கும். அடுத்த தெளிப்பில் ஒட்டுப் பசையைப் பாதியாகக் குறைத்து, முதலில் ஓரப் பாத்தியில் நாலு செடிக்கு மட்டும் அடித்து, இரண்டு நாள் கழித்துப் பாருங்கள்.